நெல் தரிசு உளுந்தும் கே.வி.கே.யின் ஒரு ஏக்கரும்

வேளாண் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பணி, அதாவது ஆராய்ச்சியை விவசாயியிடம் கொண்டுசேர்க்கும் வேலை, என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது பேனர், குழு போட்டோ, கையில் ஒரு விதைப்பை. அந்தப் பையால் ஊருக்குள் பணம் வந்ததா என்று கேட்டால் பதில் பெரும்பாலும் மழுப்பலாகத்தான் இருக்கும். எங்கே வருகிறது, எங்கே நின்றுபோகிறது என்பதை ஒரே பயிரை வைத்துப் பார்க்கலாம். காவிரி டெல்டாவில் சம்பா, தாளடி அறுவடையை ஒட்டி விதைக்கும் நெல் தரிசு உளுந்துதான் அதற்குத் தோதான பயிர். உழவு கிடையாது, அடியுரம் கிடையாது, பாசனமும் கிடையாது. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் தை, மாசிப் பனியும்தான் முதலீடு. செலவு குறைவு என்பதால், எந்த மாற்றம் விளைச்சலைக் கூட்டியது என்று கண்டுபிடிப்பதும் சுலபம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வட்டாரத்தில் இருக்கும் வேளாண்மை விரிவாக்க மையம் மாநில அரசின் வேளாண்மைத் துறையைச் சேர்ந்தது. மானிய விதை, இடுபொருள், உதவி வேளாண்மை அலுவலர் எல்லாம் அங்கே. வேளாண் அறிவியல் நிலையம், அதாவது கே.வி.கே., வேறு. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் பணம் கொடுக்க, பல்கலைக்கழகமோ ஆராய்ச்சி நிறுவனமோ தொண்டு நிறுவனமோ அதை நடத்தும். நாட்டின் முதல் கே.வி.கே. 1974இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் புதுச்சேரியில் தொடங்கியது. இன்று நாடு முழுக்க எழுநூறுக்கு மேல் இருக்கின்றன. டெல்டாவில் நீடாமங்கலத்தில் இருப்பது கோவையிலுள்ள அதே பல்கலைக்கழகத்தின் கீழ் வருவது.

ஒரு கே.வி.கே.க்கு அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் 16. தலைவர் ஒருவர், துறை வல்லுநர்கள் 6 பேர். ஓட்டுநர், அலுவலகப் பணியாளர் எல்லாரும் மீதிக் கணக்கில் வந்துவிடுவார்கள். ஒரு மாவட்டத்துக்கு ஆறு வல்லுநர்கள், அதுவும் எல்லா இடமும் நிரம்பியிருந்தால். அமெரிக்காவில் 1914இன் ஸ்மித் லீவர் சட்டத்துக்குப் பிறகு கவுன்டிதோறும் ஆள் போட்டுப் பல்கலைக்கழகமே விரிவாக்கத்தை நடத்துகிறது. நம் அமைப்பு அப்படியல்ல. இங்கே வீடு வீடாகப் போகும் ஆள்பலம் வேளாண்மைத் துறையிடம்தான். கே.வி.கே.யின் வேலை சோதித்துக் காட்டுவது, கற்றுக்கொடுப்பது, விதைக்கு வழிசெய்வது. இதைப் புரிந்துகொள்ளாமல் "எங்க ஊருக்கு வரவே இல்லை" என்று கோபப்பட்டுப் பயனில்லை. நாம்தான் போக வேண்டும். எதைக் கேட்பது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

கேட்கக்கூடியவை இரண்டு. ஒன்று வயல்வெளி ஆய்வுத் திடல்: இரண்டு மூன்று தொழில்நுட்பங்களை விவசாயி வழக்கமாகச் செய்வதோடு பக்கத்தில் வைத்து, இந்த மண்ணுக்கு எது சரி என்று பார்ப்பது. தோற்றாலும் அது தகவல். மற்றொன்று முதல்நிலை செயல்விளக்கத் திடல்: ஏற்கெனவே தேறியதை ஊருக்குக் காட்டுவது. பயறு வகைக்கு ஆளுக்கு 0.4 ஹெக்டேர், அதாவது ஒரு ஏக்கர். 2015-16 முதல் பயறுக்கும் எண்ணெய்வித்துக்கும் இதைத் தொகுப்பாக, பல விவசாயிகளின் நிலங்களைச் சேர்த்துச் செய்கிறார்கள். இந்த "தொகுப்பு" என்ற சொல்லுக்குத்தான் டெல்டாவில் உண்மையான அர்த்தம் இருக்கிறது.

காரணம் மாடும் ஆடும். சம்பா அறுத்து முடிந்ததும் வயல் பொதுவாகிவிடும். ஊர் மாடு அவிழ்த்துவிடப்படும். இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து கீதாரிகள் ஆட்டை ஓட்டிவந்து கிடை போடுவார்கள். கிடை எருவுக்குக் காசு கொடுக்கும் விவசாயியும் இருக்கிறார், அதை நம்பி வரும் கீதாரியும் இருக்கிறார். இதற்கு நடுவே ஒரே ஒருவர் ஒரு ஏக்கரில் உளுந்து விதைத்தால் அது தீவு. இருபதாம் நாளில் மேய்ந்து போய்விடும். அறிக்கையிலோ "வறட்சியால் பாதிப்பு" என்று எழுதப்படும். அதே ஏக்கர் ஒரு வாய்க்காலின் இருபுறமும் நாற்பது ஐம்பது ஏக்கராகத் தொடர்ந்து இருந்தால் காவலுக்கு ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு ஆள் வைக்கலாம். கிடையை எந்தப் பக்கம், எந்தத் தேதிக்குப் பிறகு என்று பேசி முடிக்கலாம். ரகத்துக்கும் உரத்துக்கும் முன்னால் முடிய வேண்டிய பேச்சு இது. திடலை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும்போது சாலையோரம், பெரிய பண்ணை, போட்டோவுக்கு வசதி என்று பார்க்காமல், ஒரே மடையில் தண்ணீர் வாங்கும் பங்காளிகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் பாதி வேலை முடிந்தது.

வேளாண் கல்லூரியின் கடைசி ஆண்டு மாணவர்கள் கிராமத் தங்கல் பயிற்சிக்கு வரும்போது தெருவில் கோலப்பொடியால் ஊர் வரைபடம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதைச் சடங்காக முடிக்காமல், எந்தக் கட்டளையில் (வயல் தொகுதியில்) ஈரம் கடைசியாகக் காயும், எந்த வழியாக மாடு இறங்கும், எந்த வயலில் நீண்டகால நெல் நிற்கிறது என்று மூன்றை மட்டும் குறித்துக்கொண்டால் தொகுப்புத் திடலின் எல்லை தானாக வந்துவிடும். வரைபடம் போடும் நேரம் முக்கியம். காலை பத்து மணிக்குப் போட்டால் பெண்கள் வயல் வேலைக்குப் போயிருப்பார்கள், வர முடியாது. உளுந்து பறிப்பதும் அடிப்பதும் புடைப்பதும் அவர்கள்தான். எந்த வயலில் காய் வெடிக்கிறது என்று அவர்களுக்குத் தெரிவது நில உரிமையாளருக்குத் தெரியாது.

இனி வயலுக்கு வருவோம்.

தை முதல் வாரத்திலிருந்து மாசி தொடக்கம் வரை விதைப்பு. நெல் நிற்கும்போதே விதையைத் தூவ வேண்டும். மண் மெழுகு பதத்தில் இருக்க வேண்டும் என்பார்கள். கால் வைத்தால் அச்சு பதிய வேண்டும்; அந்த அச்சில் தண்ணீர் ஊறக் கூடாது. ஊறினால் விதை அழுகும். அச்சே பதியாவிட்டால் விதை மேலாகக் கிடந்து காயும், எறும்பும் பறவையும் தின்னும். ஆள் வைத்து அறுப்பதானால் அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்பு தூவலாம். இயந்திரம் என்றால் 4, 5 நாள் முன்பு போதும். முன்கூட்டித் தூவினால் முளைத்துத் தலைகாட்டிய செடியை வண்டி நசுக்கிவிடும். டயர் வண்டியைவிட பெல்ட் வண்டி தடத்தில் சேதம் குறைவு. தூவிய பிறகு வண்டி கிடைக்காமல் ஒரு வாரம் தள்ளிப்போவதுதான் பயிர் எண்ணிக்கை குறைய முதல் காரணம். ஆகவே வண்டிக்குத் தேதி வாங்கிய பிறகே விதையில் கை வைப்பது நல்லது.

இரண்டாவது காரணத்தைப் பற்றி அதிகம் யாரும் பேசுவதில்லை: வைக்கோல். இயந்திரம் வரிசையாகக் கொட்டிப் போகும் வைக்கோலின் அடியில் முளை மஞ்சளாகி மடிந்துவிடும். பத்து நாள் கழித்துக் கட்டு கட்டும் இயந்திரம் வந்தால், தப்பிய செடியும் அதன் சக்கரத்தில் போகும். கட்டுவதானால் இரண்டு நாளுக்குள் கட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆள் விட்டு மெல்லிசாகப் பரப்பிவிட வேண்டும். மெல்லிய வைக்கோல் ஈரத்தைக் காக்கும் என்பது உபரி லாபம்.

விதை ஏக்கருக்கு 10 முதல் 12 கிலோ. ஏன் இவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சதுர மீட்டருக்கு 33 செடி வேண்டும். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர், ஆக 1,33,000 செடிக்கு மேல். உளுந்து நூறு விதை 4 முதல் 5 கிராம். 10 கிலோவில் 2 முதல் 2.5 லட்சம் விதை இருக்கும். அதாவது மூன்றில் ஒரு பங்கிலிருந்து ஏறக்குறைய பாதி வரை வீணாகும் என்று ஒப்புக்கொண்டுதான் தூவுகிறோம். 15ஆம் நாளில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் மூங்கில் சட்டம் கட்டி ஏக்கரில் ஐந்து இடத்தில் போட்டு எண்ணினால் உண்மை தெரியும். சராசரி 20க்குக் கீழே என்றால், அந்த வயலில் பிறகு என்ன தெளித்தாலும் விளைச்சல் வராது. அதைத் திடல் கணக்கில் சேர்த்துக்கொண்டு தொழில்நுட்பத்தைக் குறை சொல்லக் கூடாது.

ரகத்தில் ஆடுதுறை 3 நெடுங்காலம் டெல்டாவில் ஓடியது. ஆடுதுறை 6 தரிசு நிலத்துக்கென்றே வந்தது. வம்பன் 8 மஞ்சள் தேமலைத் தாங்கும், காய்கள் ஏறக்குறைய ஒன்றாக முதிரும். மஞ்சள் தேமல் வெள்ளை ஈயால் பரவும் வைரஸ் என்பதால் வந்த செடிக்கு மருந்து கிடையாது. முதல் மாதத்தில் தெரியும் மஞ்சள் செடியைப் பிடுங்குவது, ஏக்கருக்கு ஐந்து மஞ்சள் ஒட்டுப்பொறி வைப்பது என்று செய்தாலும் பெரும் பாதுகாப்பு ரகத்தில்தான்.

விதை நேர்த்தியில் வரிசையை மாற்றக் கூடாது. பூஞ்சாணக்கொல்லி முதலில், கார்பென்டாசிம் என்றால் கிலோவுக்கு 2 கிராம். ஒரு நாள் கழித்து ரைசோபியம் என்ற நுண்ணுயிர் உரம், ஒரு ஏக்கர் விதைக்கு 200 கிராம் பொட்டலம், ஆறிய வடிகஞ்சியில் கலந்து புரட்டி நிழலில் அரைமணி உலர்த்தல். இரண்டையும் ஒரே நேரத்தில் கலந்தால் பூஞ்சாணக்கொல்லி நுண்ணுயிரியைப் பாதிக்கும். கஞ்சி சூடாக இருந்தாலும் அதே கதை. பொட்டலத்தின் காலாவதித் தேதியைப் பார்ப்பதோடு கடையில் அது எங்கே வைக்கப்பட்டிருந்தது என்றும் பாருங்கள். வெயில் படும் இடம் என்றால் நீங்கள் வாங்குவது நுண்ணுயிர் செத்துப்போன வெறும் கரித்தூள்.

இந்தப் பயிரில் கொடுத்த காசு தெளிவாகத் திரும்பி வரும் வேலை டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரத் தெளிப்பு. அடியுரம் போட வழியில்லாத வயல் என்பதால் இலை வழியாகத்தான் ஊட்டம். ஏக்கருக்கு 4 கிலோ டி.ஏ.பி.யை முதல் நாள் மாலை தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் கலக்காமல் மேல்தெளிவை மட்டும் துணியில் வடித்து 20 லிட்டராக நிரவிக்கொள்ள வேண்டும். 10 லிட்டர் கைத்தெளிப்பான் என்றால் டேங்குக்கு 1 லிட்டர் தெளிவு, மீதி தண்ணீர், இருபது டேங்க். 16 லிட்டர் பேட்டரி தெளிப்பான் என்றால் டேங்குக்கு 1.6 லிட்டர், பன்னிரண்டரை டேங்க். மா (ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) கணக்கில் பேசுபவர்களுக்கு: மாவுக்கு 1.3 கிலோ, 67 லிட்டர். பூக்கும்போது ஒருமுறை, 15 நாள் கழித்து ஒருமுறை, மாலை வேளையில்.

தவறுவது எங்கே? அவசரத்தில் காலையில் கரைத்து அன்றே அடிப்பது, அடியில் நிற்கும் மண்டியையும் சேர்த்து ஊற்றி நாசிலை அடைப்பது, பவர் ஸ்பிரேயரில் தண்ணீரைப் பாதியாக்கி உரத்தைக் குறைக்காமல் விடுவது. 4 கிலோவை 100 லிட்டரில் அடித்தால் அது 2 சதவீதம் இல்லை, 4. இலை ஓரம் கருகும். ட்ரோனுக்கு இந்தக் கணக்கு ஒத்தே வராது. ஏக்கருக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர்தான் தெளிக்கும் கருவியில் என்ன, எவ்வளவு என்று கே.வி.கே.யில் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். டி.ஏ.பி.க்குப் பதிலாகப் பல்கலைக்கழகத்தின் பயறு ஒண்டர் வாங்கினால் ஏக்கருக்கு 2 கிலோ, 200 லிட்டர் தண்ணீர், ஒட்டும் திரவத்தோடு பூக்கும் பருவத்தில். அதில் ஊட்டச்சத்தோடு வளர்ச்சி ஊக்கியும் சேர்ந்தே வருகிறது, கூடுதலாக எதையும் கலக்க வேண்டாம்.

இதெல்லாம் செய்து முடித்தாலும், ஒப்பீட்டுத் திடல் இல்லாவிட்டால் அது வெறும் விளம்பரம். என் வாதம் இதில்தான் கொஞ்சம் பிடிவாதமானது. அதே விவசாயியின் அதே வயலில், அதே நாளில் விதைத்து, வழக்கம்போல் விடப்பட்ட பகுதி ஒன்று வேண்டும். அடுத்த ஊரின் சராசரியோ மாவட்டச் சராசரியோ ஒப்பீடு ஆகாது. இலவச விதை கிடைத்த பயனாளி வழக்கமாக முழு ஏக்கரிலும் புதியதையே போட்டுவிடுவார். அதைத் தடுக்க முடியாவிட்டால் வயல் மூலையில் ஐந்து சென்ட்டாவது விடச் சொல்லிக் கெஞ்ச வேண்டும்.

அறுவடைக் கணக்கும் கண்ணளவில் கூடாது. 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு போட்டு, அதற்குள் உள்ளதை மட்டும் பறித்து, காயவைத்து, அடித்து நிறுக்க வேண்டும். 25 சதுர மீட்டரில் வந்த கிலோவை 162ஆல் பெருக்கினால் ஏக்கர் கணக்கு. உதாரணத்துக்கு, திடலில் 1.8 கிலோ, ஒப்பீட்டில் 1.4 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 292, 227. வித்தியாசம் ஏறக்குறைய 65 கிலோ. 2025-26க்கு உளுந்தின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,800 ரூபாய் என்பதால் 65 கிலோவுக்கு 5,070 ரூபாய். இதிலிருந்து கூடுதலாக ஆன செலவை மட்டும் கழிக்க வேண்டும்: விதை விலை வித்தியாசம், டி.ஏ.பி., இரண்டு தெளிப்புக் கூலி. மொத்தச் செலவைக் கழிப்பது வேறு கணக்கு. ஈரப்பதத்தையும் விடக் கூடாது. திடல் உளுந்து 14 சதவீத ஈரத்திலும் ஒப்பீடு 10 சதவீத ஈரத்திலும் நிறுக்கப்பட்டிருந்தால் அந்த 1.8 உண்மையில் 1.72தான். ஏக்கருக்கு 13 கிலோ காற்றோடு போனது. புதிய ரகம் வென்றதாகச் சொல்லும் எத்தனையோ அட்டவணைகளில் இந்தத் தண்ணீரும் கலந்திருக்கும்.

ஊருக்கு வருமானம் என்று வரும்போது அடுத்த படி விதை. சந்தைக்குத் தானியமாகப் போவதை விதையாக விற்றால் விலை கூடுதல். வல்லுநர் விதைக்கு மஞ்சள் அட்டை, ஆதார விதைக்கு வெள்ளை, சான்று விதைக்கு நீலம். ஆதார விதை வாங்கிச் சான்று விதை உற்பத்தி செய்ய, விதைச் சான்றுத் துறையில் விதைத்த 35 நாளுக்குள் விதைப்பு அறிக்கை பதிய வேண்டும். இந்தத் தேதியைத் தவறவிட்டுத் தானியமாக விற்றவர்கள்தான் அதிகம். பக்கத்து உளுந்து வயலிலிருந்து 5 மீட்டர் விலகல், பூக்கும்போதும் காய் பிடிக்கும்போதும் கலவன் (வேற்று ரகச் செடி) நீக்கம். முளைப்பு 75 சதவீதம், புறத்தூய்மை 98, ஈரப்பதம் 9க்கு மேல் போகக் கூடாது. தொகுப்பாக ஒரே ரகம் விதைத்திருந்தால் விலகல் தூரம் பிரச்சினையே இல்லை. அறுவடை இயந்திரத்தையும் அடிக்கும் களத்தையும் சுத்தம் செய்யாமல் விட்டுக் கலப்படமாவதுதான் நிராகரிப்புக்கு வழக்கமான வழி.

பயறு வண்டு வயலிலேயே காயின் மேல் முட்டையிட்டுவிடும் என்பதால் சாக்கில் கட்டிவைத்துவிட்டு மூன்று மாதம் கழித்துப் பிரித்தால் ஓட்டை விதைதான் மிஞ்சும். நன்றாகக் காயவைத்து, விதைக்கென்றால் 100 கிலோவுக்கு 1 கிலோ ஊக்குவிக்கப்பட்ட களிமண் கலந்து வைப்பது பல்கலைக்கழகப் பரிந்துரை. சாப்பாட்டுக்கு வைப்பதைப் பருப்பாக உடைத்துவிட்டால் வண்டு தொல்லை வெகுவாகக் குறையும்.

உடைத்து விற்பது என்றதும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் வருகிறது. பத்துப் பேர் சேர்ந்தால் சட்டப்படி தொடங்கலாம். 2020இல் வந்த பத்தாயிரம் நிறுவனங்கள் திட்டத்தில் சமவெளிக்குக் குறைந்தது 300 பேர், முதல் மூன்று ஆண்டு நிர்வாகச் செலவுக்கு 18 லட்சம் வரை உதவி. அந்த மூன்று ஆண்டு முடியும் மாதத்தில் சம்பளத்துக்கு இருந்த முதன்மைச் செயல் அலுவலர் போய்விடுவார், மில்லுக்குப் பூட்டு விழும். இதை முதல் நாளே தெரிந்துகொண்டு கணக்குப் போட வேண்டும்: 100 கிலோ உளுந்துக்கு 70 முதல் 75 கிலோ பருப்பு, மின்சாரம், கூலி, பை, தரகு போக மிச்சம், வருடத்தில் எத்தனை நாள் ஓட உளுந்து கிடைக்கும். உளுந்து வருவது பங்குனி, சித்திரை இரண்டு மாதம்தான். வாங்கி இருப்புவைக்க நடைமுறை மூலதனம் இல்லாவிட்டால் மில் மீதி பத்து மாதம் சும்மா நிற்கும். கே.வி.கே. இயந்திரம் காட்டும், பயிற்சி கொடுக்கும், மூலதனம் கொடுக்காது. இயந்திர மானியத்துக்கு ஓடுவதற்கு முன் ஒரு பருவம் கூலிக்கு உடைத்துப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

தை விதைப்புக்கு மார்கழியில் போய் நின்றால் கே.வி.கே.யில் கையை விரிப்பார்கள். அவர்களின் ஆண்டுத் திட்டம் அதற்கு முன்பே முடிந்திருக்கும். அறிவியல் ஆலோசனைக் குழுவில் விவசாயிகளும் உறுப்பினர்கள். உங்கள் பக்கத்து உறுப்பினர் யார் என்று கேட்டு, "இந்த வாய்க்கால், இத்தனை ஏக்கர், இத்தனை பேர்" என்று எழுதியே கொடுங்கள். புரட்டாசிக்குள் கொடுத்தால் ஆதார விதைக்குச் சொல்லிவைக்க நேரம் இருக்கும். சிட்டா, அடங்கல் நகல், ஆதார் அட்டை. மண் மாதிரி 15 செ.மீ. ஆழத்துக்கு வி வடிவில் வெட்டி, பத்துப் பதினைந்து இடத்து மண்ணைக் கலந்து, நான்காகப் பிரித்து எதிர்மூலைகளைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவாக்கிக் கொண்டுபோங்கள். உரக்குவியல் கிடந்த இடமும் வரப்போரமும் வேண்டாம்.

விதைப்பை கைக்கு வந்த அன்றே நூறு விதையை எண்ணி, நனைத்துப் பிழிந்த சாக்கில் பத்துப் பத்தாக வரிசையில் வைத்துச் சுருட்டி, ஒரு வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு பிரித்து எண்ணுங்கள். 75க்குக் கீழே வந்தால் பையைத் திருப்பிக் கொடுத்து வேறு கேட்கலாம். வயலில் தூவிய பிறகு யாரிடம் கேட்பது?